கொழுப்பைத் திருத்தி அமைக்கும் நொதிகள்

"பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் 'இன்டர்எஸ்டரிஃபைடு வெஜிடபிள் ஃபேட்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது என்ன கொழுப்பு? டால்டாவுக்குச் சூட்டிய புதுப் பெயரா? அதைத் தயாரிக்க ஏதோ நொதி சேர்ப்பதாகக் கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். அந்த நொதி பன்றியிலிருந்து எடுக்கப்படுவதா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கூடாதா?"

வாசகச் சகோதரி ஒருவர் இவ்வாறு எழுதிக் கேட்டிருக்கிறார். பொட்டலத்தின் முன்புறத்துப் படத்தை மட்டும் பார்த்து வாங்குவோர் மிகுந்த காலத்தில், பின்புறத்தைத் திருப்பிப் படிக்கும் தாய்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. அவருடைய நான்கு கேள்விகளுக்கும் ஒரே வரியில் விடை கூறிவிட இயலாது. டால்டாவின் கதையிலிருந்து தொடங்கினால்தான் புதிய கொழுப்பின் கதை விளங்கும்.

டப்பாவில் வந்த நெய்

திரவமாக இருக்கும் தாவர எண்ணெயை வெண்ணெய் போல் உறைய வைக்க முடியுமா என்பது முற்காலத்து வேதியியலாரின் பெருங்கேள்விகளுள் ஒன்று. நிக்கல் என்னும் உலோகத்தின் துணையால் பிற பொருள்களுடன் ஹைட்ரஜன் வாயுவை இணைக்கலாம் என்று பிரான்சு நாட்டு அறிஞர் பால் சபாட்டியே கண்டறிந்தார். அதற்காக 1912-ஆம் ஆண்டின் நோபல் பரிசையும் பெற்றார். அம்முறையைத் திரவ எண்ணெய்க்குப் பொருத்தி 1902-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஜெர்மானிய வேதியியலார் வில்ஹெல்ம் நார்மன். 1911-இல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து 'கிரிஸ்கோ' என்னும் கெட்டிக் கொழுப்பு விற்பனைக்கு வந்தது. 1937-இல் 'டால்டா' இந்தியச் சந்தைக்கு வந்தது.

அதன் பிறகு நடந்தது நாம் அறிந்ததே. நெய் வாங்க இயலாத வீட்டிலும் நெய்ச்சோறு மணத்தது. திருமண வீடுகளில் பண்டாரி தரும் சாமான் பட்டியலில் அரிசிக்கும் இறைச்சிக்கும் அடுத்து டால்டா டின்னே இடம்பெற்றது. காலியான டப்பாக்கள் அரிசி அளக்கவும் செடி வளர்க்கவும் பயன்பட்டன. வனஸ்பதி என்னும் பொதுப்பெயர் மறைந்து, 'டால்டா' என்பதே எல்லா நிறுவனச் சரக்குக்கும் பெயராகிவிட்டது. மலிவு, நெடுநாள் கெடாமை, பலகாரத்துக்கு மொறுமொறுப்பு ஆகிய மூன்று நன்மைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. தீமை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வளைவு நிமிர்ந்ததால் வந்த கேடு

அத்தீமை யாது? சுவரில் ஒரு பலகை. அதில் மூன்று முளைகள். ஒவ்வொரு முளையிலும் ஒரு சட்டை தொங்குகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பலகைதான் கிளிசரால். தொங்கும் சட்டைகள் கொழுப்பமிலங்கள். நாம் உண்ணும் எண்ணெய், நெய், கொழுப்பு அனைத்தும் பெரும்பாலும் இத்தகைய பலகைகளின் கூட்டமே.

கொழுப்பமிலங்களில் பலவகை உண்டு. சில நேரான சங்கிலிகள். அவை ஒன்றையொன்று ஒட்டி நெருங்கி அடுக்கிக்கொள்வதால் கொழுப்பு உறைந்து நிற்கிறது. வேறு சில, இடையில் வளைவு உள்ள சங்கிலிகள். வளைந்த குச்சிகளை நெருக்கமாக அடுக்க முடியாதது போல் இவையும் நெருங்க மாட்டா. ஆதலின் அவை மிகுந்த எண்ணெய் திரவமாக இருக்கிறது.

ஹைட்ரஜனை முழுமையாக ஏற்றினால் வளைவுகள் யாவும் மறைந்து, மெழுகு போன்ற கட்டி கிடைக்கும். அது வாயில் கரையாது, சமையலுக்கு உதவாது. ஆகவே பாதியில் நிறுத்தினார்கள். அங்கேதான் சிக்கல் பிறந்தது. அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது, சில சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்க, வளைவு மட்டும் நிமிர்ந்துவிடுகிறது. இவ்வாறு நிமிர்ந்தவையே டிரான்ஸ் கொழுப்புகள்.

இவற்றைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெட் குமரோ. இறந்தோரின் உடல் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு படிந்திருப்பதை அவர் 1957-இலேயே வெளியிட்டார். அவர் சொல் அன்று அம்பலம் ஏறவில்லை. 1990-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மென்சிங்க், கட்டான் ஆகிய இருவர், 59 பேரை வைத்து நடத்திய உணவுச் சோதனையின் முடிவை அறிவித்தனர். டிரான்ஸ் கொழுப்பு, இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நில்லாமல், நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கவும் செய்கிறது என்பதே அம்முடிவு. 1993-இல் 85,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரை எட்டாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இக்கொழுப்பை மிகுதியாக உண்டோருக்கு இதய நோய் கூடுதலாக வந்ததைக் காட்டியது.

2003-இல் டென்மார்க், கொழுப்பில் 100-க்கு 2 கிராமுக்கு மேல் தொழில்வழி டிரான்ஸ் கொழுப்பு இருத்தல் ஆகாது என்று முதன்முதலாகச் சட்டமியற்றியது. குமரோ தமது 94-ஆம் வயதில், 2009-இல், அமெரிக்க அரசிடம் மனுக் கொடுத்தார். விடை வராமையால் 2013-இல் வழக்குத் தொடுத்தார். 2015-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் பாதுகாப்பானதன்று என்று முடிவு செய்தது. அதைக் கண்ணாரக் கண்ட பின்னரே, 2017-இல், அவர் 102-ஆம் வயதில் மறைந்தார். அறுபது ஆண்டு காலப் பொறுமை அது!

நம் நாட்டில் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2009-இல் கடைகளில் விற்ற வனஸ்பதிகளைச் சோதித்தபோது, டென்மார்க் வரம்பைப் போல் ஐந்து முதல் பன்னிரண்டு மடங்கு வரை டிரான்ஸ் கொழுப்பு இருக்கக் கண்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் முதலில் 10 விழுக்காடு, பின்னர் 5, 2021-இல் 3, 2022 ஜனவரி முதல் 2 விழுக்காடு என்று வரம்பைப் படிப்படியாக இறக்கியது. டிரான்ஸ் கொழுப்பினால் உலகில் ஆண்டுதோறும் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் இதய நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் மதிப்பிட்டது. 2024-இல் அந்நிறுவனம், இக்கொழுப்பை ஒழித்தமைக்காக டென்மார்க், லிதுவேனியா, போலந்து, சவூதி அரேபியா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளுக்கு முதன்முதலாகச் சான்று வழங்கியது.

இடம் மாற்றும் கலை

பழைய வனஸ்பதியை விலக்கியாயிற்று. ஆனால் பிஸ்கட்டும், பரோட்டாவும், கேக்கும், பஃப்ஸும் கெட்டிக் கொழுப்பைக் கேட்கின்றனவே! திரவ எண்ணெயில் மொறுமொறுப்பு வராது. ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றாமல் கெட்டிக் கொழுப்பு செய்வது எவ்வாறு?

விடை எளியது. பாமாயிலிலிருந்து பிரித்தெடுத்த கெட்டிப் பகுதியையோ, முழுமையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயையோ ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். முழுமையாக ஏற்றியதில் இரட்டைப் பிணைப்பு எஞ்சாது; எனவே டிரான்ஸ் கொழுப்புக்கும் அங்கு இடமில்லை. அதனுடன் சோயா, சூரியகாந்தி போன்ற திரவ எண்ணெயைக் கலக்கிறார்கள். வெறுமனே கலந்தால் கட்டி வேறு, எண்ணெய் வேறாகத்தான் நிற்கும். மணல் மணலாக இருக்கும். ஆகவே, முளைகளில் தொங்கும் சட்டைகளைக் கழற்றி இடம் மாற்றி மாட்டுகிறார்கள். ஒரு பலகையில் மூன்றும் நேரான சட்டைகள், மற்றொன்றில் மூன்றும் வளைந்தவை என்றிருந்த நிலை மாறி, ஒவ்வொரு பலகையிலும் இரண்டும் கலந்து தொங்கும். அப்போது வெண்ணெய் போல் மிருதுவான கொழுப்பு கிடைக்கிறது. இந்த இடமாற்றமே 'இன்டர்எஸ்டரிஃபிகேஷன்' என்னும் நீண்ட பெயருடையது. இங்கே புதிய சட்டை எதுவும் தைக்கப்படவில்லை. இருந்தவையே இடம் மாறின.

சகோதரியின் முதல் இரு கேள்விகளுக்கு இதுவே விடை. இது பழைய டால்டாவின் மறுபெயர் அன்று. அதற்கு மாற்றாக வந்த வேறு கொழுப்பு.

இடம் மாற்றும் வேலையைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இரசாயன வழி. சோடியம் மெதாக்சைடு என்னும் கடுமையான பொருளைச் சேர்த்துச் சூடேற்றினால், சட்டைகள் கண்டபடி இடம் மாறும். பிறகு அப்பொருளைச் செயலிழக்கச் செய்து நீக்க வேண்டும், இடையில் சோப்பு உண்டாகி எண்ணெயும் வீணாகும், நிறமும் கறுக்கும்.

மற்றொன்று நொதியின் வழி. நொதி என்பது உயிர்களின் உடலில் சுரந்து, தான் செலவாகாமல், வேதி வினைகளை விரைவுபடுத்தும் ஒரு புரதம். கொழுப்பைக் கையாளும் நொதிக்கு லைபேஸ் என்று பெயர். அது நமக்குப் புதியதன்று. நம் கணையத்தில் சுரந்து, உண்ட கொழுப்பைச் செரிக்கச் செய்வது லைபேஸ்தான். அரிசி ஆலையில் புடைத்த புதுத் தவிடு இரண்டொரு நாளில் கசந்து காறிப்போவதற்கும் தவிட்டிலேயே உள்ள லைபேஸ் ஒரு காரணம். தவிட்டெண்ணெய் எடுப்போர் தவிட்டை உடனே சூடேற்றுவது அந்த நொதியை அடக்கத்தான்.

லைபேஸுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. நீர் மிகுந்த இடத்தில் அது கொழுப்பமிலங்களை முளைகளிலிருந்து கழற்றிவிடும். நீர் மிகக் குறைந்த இடத்திலோ, கழற்றியதை மீண்டும் மாட்டவும் செய்யும். தவிட்டைக் கெடுத்த அதே வேலை, இடமறிந்து வாங்கினால் நன்மையாகிறது. தொழிற்சாலையில் இந்நொதியைச் சிலிக்கா போன்ற குருணைகளில் ஒட்டச் செய்து, உயரமான கலத்தில் நிரப்புகிறார்கள். ஏறத்தாழ 70 டிகிரி சூட்டில் எண்ணெய் அதன் வழியே மெல்ல இறங்குகிறது. இறங்கி வரும்போது சட்டைகள் இடம் மாறியிருக்கும். நொதி கலத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரு கிலோ குருணை, ஓய்வதற்கு முன் ஆயிரக்கணக்கான கிலோ எண்ணெயைத் திருத்திவிடும். கழுவ வேண்டிய தேவையில்லை. கழிவு நீரும் குறைவு. இம்முறையைப் பெருமளவில் நடைமுறைக்குக் கொண்டு வந்தமைக்காக ஏடிஎம் என்னும் அமெரிக்க நிறுவனமும், டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவனமும் 2005-இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றன.

நடு முளையின் இரகசியம்

நொதிக்கு இரசாயனத்தினும் மேலான ஒரு நுட்பம் உண்டு. சில லைபேஸ்கள் ஓரத்து முளைகள் இரண்டையும் மட்டுமே தொடும். நடு முளையைப் பெரும்பாலும் விட்டுவிடும். இந்த நுட்பம் ஏன் முக்கியம் என்பதைக் கைக்குழந்தையின் உணவு காட்டுகிறது.

தாய்ப்பாலின் கொழுப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பால்மிட்டிக் அமிலம். வியப்பு யாதெனில், அதில் பெரும்பகுதி நடு முளையில் மாட்டப்பட்டிருக்கிறது. பாமாயில் போன்ற தாவர எண்ணெயிலோ அதே அமிலம் ஓரங்களில் தொங்குகிறது. குழந்தையின் வயிற்றில் சுரக்கும் கணைய லைபேஸ் ஓரத்துச் சட்டைகளைத்தான் கழற்றும். தாவரக் கொழுப்பிலிருந்து கழன்ற பால்மிட்டிக் அமிலம், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் கூடிச் சோப்பாக மாறுகிறது. சத்தும் வீணாகிறது, மலமும் இறுகுகிறது. தாய்ப்பாலில் அந்த அமிலம் நடு முளையோடு சேர்ந்தே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எவ்வளவு நுண்ணிய ஏற்பாடு!

இதைப் பார்த்த அறிஞர்கள், ஓரங்களை மட்டும் தொடும் லைபேஸைக் கொண்டு, பால்மிட்டிக் அமிலம் நடுவில் நிற்கும் கொழுப்பைத் தாவர எண்ணெயிலிருந்தே செய்தனர். 'பீட்டாபால்' முதலிய பெயர்களில் அது குழந்தைகளுக்கான பால்மாவுகள் சிலவற்றில் சேர்க்கப்படுகிறது. தாய்ப்பாலுக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆயினும் தாய்ப்பால் கிடைக்கப்பெறாத குழந்தைக்கு இது ஓரளவு துணை.

நம் அண்டையிலேயே, மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தாரும் இத்துறையில் உழைத்துள்ளனர். தேங்காயெண்ணெயில் லாரிக் அமிலம் ஏறத்தாழப் பாதி. உடலுக்கு இன்றியமையாத லினோலிக் அமிலமோ மிகக் குறைவு. லைபேஸின் துணையால் தேங்காயெண்ணெயில் லினோலிக் அமிலத்தைப் புகுத்தி எலிகளுக்குக் கொடுத்தபோது, சாதாரணத் தேங்காயெண்ணெய் உண்ட எலிகளைவிட அவற்றின் கொலஸ்டிரால் குறைந்திருந்தது. எலிக்குக் கண்டது மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்று துள்ளிவிடலாகாது. ஆயினும் நம்பிக்கை தரும் முயற்சி.

எச்சரிக்கையும் வேண்டும்

புதியது என்றாலே நல்லது என்று கொள்வதும் பிழை. டால்டாவும் ஒரு காலத்தில் புதியதாகத்தானே வந்தது! ஜப்பானில் 'எகோனா' என்றோர் எண்ணெய் 1999-இல் வந்தது. நொதியின் உதவியால் மூன்று சட்டைகளுக்குப் பதில் இரண்டே சட்டைகள் தொங்குமாறு செய்யப்பட்டது. உடலில் கொழுப்புச் சேராது என்னும் பெயரோடு நன்றாக விற்றது. 2009-இல் அதில் கிளிசிடைல் எஸ்டர் என்னும் விரும்பத்தகாத பொருள் மிகுந்திருப்பது தெரியவந்ததும், நிறுவனமே விற்பனையை நிறுத்திக்கொண்டது. தவறு நொதியினுடையதன்று. வாடை நீக்குவதற்காக எண்ணெயை மிகுந்த சூட்டில் காய்ச்சும்போது அது உண்டாகிறது. பாடம் என்னவெனில், ஒரு படி தூய்மையாக இருந்தால் போதாது. எல்லாப் படிகளும் தூய்மையாக இருக்க வேண்டும்.

இடம் மாற்றிய கொழுப்பைப் பற்றியும் ஐயங்கள் எழுந்ததுண்டு. 2007-இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்றில், 30 பேருக்கு நான்கு வாரம் வீதம் கொடுத்துப் பார்த்தபோது, ஸ்டியரிக் அமிலம் மிகுந்த அத்தகைய கொழுப்பு, இரத்தச் சர்க்கரையையும் கொலஸ்டிரால் விகிதத்தையும் பாதித்ததாகக் கூறப்பட்டது. பின்னர் வந்த குறுகிய கால ஆய்வுகள் பல அத்தகைய தீங்கைக் காணவில்லை. பல்லாண்டு தொடர்ந்து உண்டோரைப் பற்றிய நீண்ட ஆய்வுகளோ மிகக் குறைவு. ஆகவே, டிரான்ஸ் கொழுப்பைவிட இது மேலானது என்று துணிந்து சொல்லலாம். விரும்பிய மட்டும் உண்ணலாம் என்று சொல்லலாகாது. கெட்டிக் கொழுப்பு எதுவாயினும் நிறைவுற்ற கொழுப்பு அதில் கணிசமாக இருக்கத்தான் செய்யும். எந்தக் கொழுப்பும் கிராமுக்கு 9 கலோரிதான். இடம் மாறினாலும் அது மாறாது.

நொதி எங்கிருந்து வருகிறது?

சகோதரியின் மூன்றாவது கேள்வி நியாயமானது. பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த லைபேஸ் ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாகப் புழங்கி வருவது உண்மை. எனவே அவருடைய ஐயம் வீண் ஐயமன்று. ஆனால், எண்ணெயை இடம் மாற்றும் பெரிய ஆலைகளில் பயன்படுவன பெரும்பாலும் நுண்ணுயிரிகளிலிருந்து கிடைக்கும் லைபேஸ்களே. தெர்மோமைசிஸ், ரைசோமியூகார் என்னும் பூஞ்சை வகைகள் இவற்றுள் முதன்மையானவை. அவற்றின் நொதி, ஜப்பானியர் சோயா சாறு தயாரிக்கப் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையில், மரபணு மாற்றத்தின் வழியாக வளர்த்தெடுக்கப்படுகிறது. நொதித் தயாரிப்பாளர் பலர் ஹலால் சான்று பெற்றே விற்கிறார்கள்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. பொட்டலத்தில் 'இன்டர்எஸ்டரிஃபைடு' என்று அச்சிடுவோர், அது இரசாயனத்தால் ஆனதா நொதியால் ஆனதா என்பதை அதில் குறிப்பதில்லை. இடம் மாற்றப்பட்ட மூலக் கொழுப்பு எது என்பதும், உடன் சேர்க்கும் '471' போன்ற கூட்டுப்பொருள்கள் எதிலிருந்து வந்தன என்பதும் நொதியைவிடப் பெரிய கேள்விகள். 471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இந்தியப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி, விலங்குக் கொழுப்பு சேரவில்லை என்பதற்கு அடையாளம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வரும் பொட்டலங்களில் அப்புள்ளி இராது. அவற்றில் நம்பகமான ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. மார்க்கத் தீர்ப்பை ஆலிம் பெருமக்களிடம் கேட்க வேண்டும். பொருளின் மூலத்தை எடுத்துச் சொல்வது மட்டுமே இப்பக்கத்தின் வேலை.

அடுப்படியில் செய்யத்தக்கவை

இறுதிக் கேள்விக்கு வருவோம். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? எப்போதேனும் ஒன்றிரண்டு பிஸ்கட் கொடுப்பதால் குடி மூழ்கிப்போகாது. நாள்தோறும் பாலுக்குத் துணையாக ஒரு பொட்டலம் தீர்வதாயிருந்தால், கொழுப்பின் பெயரை ஆராய்வதைவிட அப்பழக்கத்தை ஆராய்வதே முதல் வேலை. அவித்த கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகியவற்றின் பின்புறத்தில் படிக்க வேண்டிய பொடி எழுத்து ஏதுமில்லை.

பொட்டலத்தில் 'ஹைட்ரஜனேட்டட்' என்னும் சொல்லைக் கண்டால் டிரான்ஸ் கொழுப்பின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். சட்டம் வந்துவிட்டது, ஆனால் பொட்டலமில்லாத பேக்கரிப் பண்டத்திலும் தெருவோரக் கடையிலும் சட்டத்தின் கண் எட்டுவது அரிது. அங்கே நம் கண்ணே காவல்.

எல்லாவற்றினும் மேலாக, ஆலையில் செய்த கொழுப்பைக் குறை கூறிவிட்டு, நம் வாணலியை மறந்துவிடலாகாது. நோன்பு மாதத்தில் வடைக்கும் சமோசாவுக்கும் ஊற்றிய எண்ணெயை முப்பது நாளும் மீண்டும் மீண்டும் காய்ச்சும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நொதி பொறுமையாக 70 டிகிரியில் செய்யும் நன்மையை, நாம் புகையும் வாணலியில் கெடுத்துவிடுகிறோம். பலமுறை காய்ச்சிய எண்ணெயில் கேடு பயக்கும் பொருள்கள் சேர்கின்றன. அவற்றின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைக் கடைக்காரர் பயன்படுத்தலாகாது என்று 2018 முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. வீட்டுக்கு அளவுகருவி வேண்டா. எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள். காசு போகிறதே என்று வருந்தாதீர்கள். வாப்பாவின் இதயத்துக்கு வைத்தியம் பார்க்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால், அரை லிட்டர் எண்ணெயின் விலை பெரிதன்று.

பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கத்தைக் கேள்வி கேட்ட சகோதரி தம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்பாராக!